பல்பு எதைத் தின்னுச்சு

இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கிற காலம் பங்குனியும் சித்திரையும்தான். ஆனால் அந்த வருசம் ஐப்பசி அடைமழையில், ஈரக் காற்றில் ஒரு தூசிகூட எழும்பாத ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், மேற்கு மலை அடிவாரத்துப் பொறியியல் கல்லூரியின் முதல் வருச எலக்ட்ரிக்கல் வகுப்பில், சகாயராணி மேடம் போர்டைத் துடைத்துவிட்டு வழக்கம்போலத் திரும்பி "புரிஞ்சுதா?" என்று கேட்க, வகுப்பு மொத்தமும் வழக்கம்போல "யெஸ் மேடம்" என்று சொல்ல, சொன்ன வாயிலிருந்தெல்லாம் இலவம்பஞ்சு வந்தது.

யாரும் அலறவில்லை. அந்த ஊருக்குப் பஞ்சு புதுசா என்ன? ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூராவும் மெத்தை தைக்கிற கொட்டகைகள். காய் வெடிக்கிற காலத்தில் சோற்றில் பஞ்சு கிடக்கும், குழந்தை மூக்கில் பஞ்சு கிடக்கும், கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை மீசையில் பஞ்சு ஒட்டியிருக்கும். அதனால் பையன்கள் உதட்டைத் துடைத்துக்கொண்டார்கள், பெண்பிள்ளைகள் துப்பட்டாவை உதறிக்கொண்டார்கள், மேடம் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்தார். சத்தமாக யெஸ் சொன்னவனுக்குப் பெரிய உருண்டையாக வந்தது, முணுமுணுத்தவனுக்கு நூல் மாதிரி வந்தது, மணி அடிப்பதற்குள் மேடம் இன்னொரு தடவை கேட்க இன்னொரு தடவையும் வந்தது. ரெண்டு மூணு பேருக்கு மட்டும் வரவேயில்லை. அவர்களுக்கு நிஜமாகவே புரிந்திருந்தது. வகுப்பில் அன்றைக்கு வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான். எல்லாரோடும் சேர்ந்து தாங்களும் வாயைத் துடைப்பதுபோலப் பாவலா காட்டினார்கள்.

ஜன்னலோர பெஞ்சில் இருந்த யுவஸ்ரீக்கு வந்ததுதான் எல்லாரையும்விடப் பெரிசு. கோழிமுட்டை அளவுக்கு வந்து மேல் உதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. கைக்குட்டையில் பொத்திப் பைக்குள் போட்டாள். மற்றவர்கள் கொட்டகைப் பக்கம் பார்த்துக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தபோதே அவளுக்குத் தெரிந்துபோயிற்று, இது காற்றில் வந்ததில்லை, வயிற்றுக்குள் இருந்து வந்தது என்று. பொய் சொல்கிறவளுக்குத் தன் பொய் அடையாளம் தெரியாதா?

அந்தப் பொய் கல்லூரி திறந்த முதல் வாரத்தில் ஆரம்பித்தது. மேடம் போர்டில் ஒரு பேட்டரியும் ஒரு பல்பும் வரைந்து, ரெண்டையும் கம்பியால் சுற்றி வளைத்துக் கட்டி, ஒரு புள்ளிக்குள் எவ்வளவு கரண்டு போகிறதோ அவ்வளவும் ஒரு சொட்டுக் குறையாமல் வெளியே வந்துவிடும், இதுதான் விதி, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எல்லாரும் எழுதினார்கள். யுவஸ்ரீயும் எழுதினாள், எழுதி முடித்ததும் அவள் தலைக்குள் ஒரு கேள்வி எழுந்து உட்கார்ந்தது: போன கரண்டு பூராவும் திரும்பி வந்துருச்சுன்னா, பல்பு எதைத் தின்னுச்சு? எதையோ தின்னாமல் எரியுமா? அவள் சுற்றிப் பார்த்தாள். வகுப்பே தலையாட்டிக்கொண்டிருந்தது. ப்ளஸ் டூவில் பிசிக்ஸில் பள்ளியிலேயே முதல் மார்க் அவள். தமிழில் படித்தபோதாவது இது புரிந்திருந்ததா என்றால் அதுவும் இல்லை, அப்போது மனப்பாடம் செய்தாள், அவ்வளவுதான். இத்தனை பேருக்குப் புரிந்தது தனக்கு மட்டும் புரியவில்லை, இதைப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைத்து, எல்லாருக்கும் அரை நொடி முன்னால் "யெஸ் மேடம்" என்றாள். மறுநாள் பாடம் அந்த யெஸ்ஸின் மேல் ஏறி உட்கார்ந்தது, அதற்கு மறுநாள் பாடம் அதன்மேல், அப்படியே ஏறி ஏறி, இப்போது எங்கே தொட்டாலும் புரியவில்லை, எதை இழுத்தாலும் அடியில் அந்தப் பல்புதான் எரிந்துகொண்டிருந்தது.

இது அவளோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய பயமெல்லாம்.

அப்பா தவமணி ஜீப் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவார், சாயங்காலம் வரை அங்கேயே கிடந்து திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். அந்த ஜீப்பில் யுவஸ்ரீயின் அம்மா முத்துப்பேச்சியும் போவாள், காய் எடுக்க. எப்போதோ ஒரு மழை நாளில் வேறு யாருடைய ஜீப்போ ஒரு பெண்ணை மலையிலேயே விட்டுவிட்டு வந்து பெரிய ரகளை ஆகியிருந்தது. அதிலிருந்து அந்த ரோட்டில் ஓடுகிற எல்லா ஜீப்பிலும் ஒரு வழக்கம், ஏற்றும்போது தலையை எண்ணுவார்கள், திரும்பும்போதும் எண்ணுவார்கள், எண்ணி முடித்து "ஏறுன தலை அத்தனையும் இருக்கு" என்று சத்தமாகச் சொல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார்கள். தவமணி அதைச் சொன்ன கையோடு ரெண்டு மாசமாக இன்னொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்: எம்மக இஞ்சினியருக்குப் படிக்கிறா, கரண்டு படிப்பு. மலை ஏறும்போதும் சொல்வார், இறங்கும்போதும் சொல்வார். அந்தப் பெண்களுக்கு ஏலக்காய் விலை தெரியுமோ தெரியாதோ, யுவஸ்ரீக்கு எந்தப் பாடத்தில் எவ்வளவு இன்டர்னல் மார்க் என்பது தெரியும்.

தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பாப்பா, இன்னைக்கு நடத்துனது பூராம் புரிஞ்சுச்சா?" என்பதுதான். அவளும் தினம் புரிஞ்சுச்சுப்பா என்பாள். பஞ்சு வந்த செவ்வாய்க்கிழமையும் கேட்டார், அவளும் வாய் தவறிச் சொல்லிவிட்டாள், வந்த பஞ்சைத் தட்டிலிருந்த சோற்றோடு சேர்த்து விழுங்கினாள். மறுநாளிலிருந்து பேசாமல் தலையை மட்டும் ஆட்டினாள். தலையாட்டுவதற்குப் பஞ்சு வரவில்லை. அப்பாவும் பிள்ளை களைத்திருக்கிறது என்று விட்டுவிட்டார்.

கல்லூரியில் பஞ்சு நிற்கவில்லை. மெக்கானிக்கலில் வந்தது, சிவிலில் வந்தது, கம்ப்யூட்டர் சயின்ஸ் மாடியில் ஃபேனைப் போட்டால் எதிரில் இருப்பவன் தெரியவில்லை. கூட்டுகிற அக்கா கையை விரித்த பிறகுதான் பிரின்சிபால் எல்லா ஹெச்ஓடிகளையும் கூப்பிட்டு மீட்டிங் போட்டார். பஞ்சு ஏன் வருகிறது என்று அந்த மீட்டிங்கில் யாரும் கேட்கவில்லை, பஞ்சை எங்கே கொட்டுவது என்றுதான் மதியம் வரை பேசினார்கள். முடிவில் ஒரு சர்க்குலர் வந்தது: இனி வகுப்பில் எந்த ஆசிரியரும் புரிஞ்சுதா என்று கேட்கக் கூடாது. அதற்குப் பதிலாக எழுதிட்டீங்களா என்று கேட்டார்கள், எழுதிட்டோம் சார் என்றார்கள், அது உண்மை, அதற்குப் பஞ்சு வரவில்லை. அடுத்ததுக்குப் போகலாமா என்று கேட்டார்கள், போகலாம் மேடம் என்றார்கள், அதுவும் உண்மை, அதற்கும் வரவில்லை. புரிஞ்சுதா என்ற கேள்வி இல்லாமலேயே பாடம் நடந்தது, தேர்வு நடந்தது, பேப்பர் திருத்தினார்கள், மார்க் வந்தது. அந்தக் கேள்வி போனதால் எங்கேயும் எதுவும் குறைந்ததாக ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆனால் நாக்குப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, வருசக்கணக்கில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்காது, கேட்டுவிடும், பிள்ளைகள் வாயும் சும்மா இருக்காது, யெஸ் சொல்லிவிடும். ஆகவே கொரோனா காலத்தில் வாங்கி ஸ்டோர் ரூமில் கிடந்த மாஸ்க்குகளை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். மாணவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஆசிரியர்களும் போட்டுக்கொண்டார்கள். அதில் முதல் ஆளாகப் போட்டவர் சகாயராணி மேடம், அப்புறம் அவர் அதைக் கழற்றி யாரும் பார்க்கவில்லை.

பையன்களுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. லோகேஷ்பாண்டி என்று ஒருவன், கடைசி பெஞ்ச், பஞ்சை உருட்டி நூல் சுற்றிப் பந்து செய்து காரிடாரில் கிரிக்கெட் ஆட விட்டான். பந்து கிழிந்துபோனால் ஒருத்தனைப் பிடித்து நிறுத்தி, "மாப்ள, டிரான்ஸ்ஃபார்மர் புரிஞ்சுதா சொல்றா, பந்துக்குப் பத்தல" என்பான். நிஜமாகவே புரிந்தவர்களில் ஒருத்தன் யெஸ் சொல்லி எதுவும் வராமல் நின்றால், "இவன்கூட யாரும் சேராதீங்கடா, ஒட்டிக்கும்" என்பான். அந்தப் பையன் ஒரு நாள் பாவம் போல வீட்டிலிருந்து பாக்கெட்டில் பஞ்சு கொண்டுவந்தான்.

குவிந்த பஞ்சுக்கும் வழி பிறந்தது. கரஸ்பாண்டென்ட்டின் மச்சினனுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் மெத்தைக் கொட்டகை இருந்தது. அவர் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். ஒரு கொட்டை இல்லை, ஒரு தும்பு இல்லை, அடிக்க வேண்டாம், கடைய வேண்டாம், அப்படியே உறைக்குள் திணித்தால் தலையணை. சாக்குச் சாக்காகப் போனது. கல்யாணச் சீருக்குக் கல்லூரிப் பஞ்சுத் தலையணைதான் வேண்டும் என்று பெண்வீட்டார் கேட்கிற அளவுக்கு ஊரில் பேர் எடுத்தது. அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு வந்த குழு, வளாகத்திலேயே உற்பத்தியாகும் பஞ்சை வீணாக்காமல் பயன்படுத்துவது பாராட்டத்தக்கது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. மாஸ்க் போட்டுக்கொண்டு கை தட்டினார்கள்.

ஆனால் அந்தத் தலையணையில் தலை வைத்தவர்கள் காலையில் ஒரு கேள்வியோடு எழுந்தார்கள்.

கேட்காமல் விழுங்கிய கேள்வி எங்கே போகும்? பஞ்சுக்குள்தான் இருந்தது. கல்யாணமான மறுநாள் காலையில் ஒரு புதுப்பெண் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் புருசனிடம், இன்டெக்ரேஷன்னா எதையோ கூட்டுறாங்களாமே, எதைங்க கூட்டுறாங்க என்று கேட்டாள். அவன் தன் அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். பரோட்டா மாஸ்டர் ஒருத்தர் மாவைப் பிசைந்துகொண்டே, ஒரு உத்தரம் எந்த இடத்துல மொதல்ல உடையும், ஏன் அங்க உடையுது என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் கேட்டு, சால்னாவைத் தீய விட்டார். ஊர் இதையும் பழகிக்கொண்டது. டீக்கடையில் மழையைப் பற்றிப் பேசியதும் கேள்வியைப் பற்றிப் பேசினார்கள், உங்களுக்கு என்ன வந்துச்சு, எங்களுக்கு இது வந்துச்சு, ஒண்ணும் வெளங்கல, எங்களுக்கும்தான். சிலர் தலையணையை வெயிலில் போட்டுப் பார்த்தார்கள். சிலருக்குக் கேள்வி வந்ததில் ஒரு பெருமை. யாருடைய கேள்வி யாருக்கு வந்திருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

தவமணியும் ஒன்று வாங்கினார், தனக்காக இல்லை, முத்துப்பேச்சிக்காக. மலை இறங்கும்போது அவள் ஜீப்பின் இரும்புக் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குவாள், ஒவ்வொரு வளைவிலும் தலை கம்பியில் இடிக்கும், கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட அவருக்குச் சங்கடமாக இருந்தது. அவளோ, வெள்ளைத் தலையணையை ஏலக்காய்க் கறையில் கொண்டுபோய் வைக்கவா, நீங்க வச்சுப் படுங்க என்று அவரிடமே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் விடியுமுன்னே முழிப்பு வந்து யுவஸ்ரீ பல் விளக்கிவிட்டு வந்தபோது அவர் வாசல் படியில் உட்கார்ந்து தெருவிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, தலைக்குள்ள ஒண்ணு நிக்கிது. கரண்டு ஒரு கம்பியில போயி இன்னொரு கம்பியில திரும்பி வருதாம்ல. போனது பூராம் வந்துருச்சுன்னா, பல்பு எதைத் தின்னுச்சு?"

தன் வயிற்றுக்குள் மறைத்து வைத்திருந்ததை யாரோ எடுத்து அப்பா மடியில் போட்டுவிட்டது போல இருந்தது. எனக்கும் தெரியலப்பா என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம், அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து தெருவிளக்கைப் பார்த்திருக்கலாம். அவள் சொன்னது வேறு.

"அதெல்லாம் பெரிய பாடம்பா. சொன்னா உங்களுக்குப் புரியாது."

தவமணி கோபப்படவில்லை. அதுவும் சரிதான் என்று எழுந்து ஜீப்பை எடுக்கப் போனார்.

பெற்றோர் கூட்டத்துக்குக் கடிதம் வந்தபோது அவள் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, சும்மா டீ கொடுத்து அனுப்புவாங்க, வர வேண்டாம் என்றாள். அவர் வந்தார். மேலே தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, அங்கேயே படுத்துக் கிடக்கிற நேரத்தில் வெறும் வண்டியை இறக்கிக்கொண்டு வந்து, காக்கிச் சட்டையோடு கருத்தரங்கக் கூடத்தின் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். யுவஸ்ரீ வகுப்புப் பிள்ளைகளோடு ஓரமாக நின்றாள். பிரின்சிபால் பேசினார், கரஸ்பாண்டென்ட் பேசினார், பெற்றோர் ஏதாவது கேட்கலாம் என்றார்கள், பஸ் லேட்டாக வருகிறது என்று ஒருத்தர் கேட்டார், பிள்ளை எந்நேரமும் போனை நோண்டுகிறான் என்று ஒருத்தர் சொன்னார். அப்புறம் தவமணி எழுந்தார். கை கட்டிக்கொண்டு, படிக்காத ஆளு தப்பா நெனைக்கக் கூடாது என்று ஆரம்பித்து, வாசல் படியில் கேட்ட அதே கேள்வியை, ஒரு சொல் மாறாமல் கேட்டார்.

பின் வரிசையில் பஸ் ஸ்டாண்டில் பூக் கட்டுகிற ஒரு அம்மா, "அய்யா, எனக்கும் இதேதான் ஓடுது, பல்பு விசயம்" என்றார். இன்னொருத்தர் எனக்கும் என்றார். சுவரோரமாக நின்ற ஒருத்தர் கையைத் தூக்கினார். யுவஸ்ரீ பக்கத்தில் பார்த்தாள். லோகேஷ்பாண்டி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பில் எப்போதும் முதல் ரேங்க் வாங்குகிற பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு மொத்தமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் பொத்தி வைத்திருந்தது எல்லார் வயிற்றிலும் இருந்திருக்கிறது. அது தெரிந்ததும் பாரம் குறைய வேண்டும்தானே? குறையவில்லை. இவ்வளவு மலிவான ஒரு பொருளையா இத்தனை பாடுபட்டு ஒளித்தோம் என்றுதான் இருந்தது.

பிரின்சிபால் சகாயராணி மேடத்தைக் கை காட்டினார். மேடம் மைக்கை வாங்கி, அது ரொம்ப சிம்பிள் என்று ஆரம்பித்து, சார்ஜ் என்றார், பொட்டன்ஷியல் டிராப் என்றார், எனர்ஜி என்றார், அப்படியே புத்தகத்தில் இருக்கிற பக்கம் ஓடியது, ஓட ஓட அவர் மாஸ்க் உப்பிக்கொண்டே வந்தது. பேசி முடித்து, நாக்குப் பழக்கம், கேட்டுவிட்டார்.

"புரிஞ்சுதா?"

தவமணி திரும்பி மகளைப் பார்த்தார். போதும், உட்காருங்கள் என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். அவர் அதைப் பார்த்தார், பார்த்துப் புரிந்துகொண்டார், அந்த ஒன்றுதான் அங்கே அவருக்குப் புரிந்தது.

"புரிஞ்சுச்சுங்க மேடம். நல்லா வெளங்குச்சு."

அவர் வாயில் மாஸ்க் இல்லை. பஞ்சு வந்தது. பிள்ளைகளுக்கு வருகிற மாதிரி ஒரு உருண்டையாக வந்து நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது, தாடியில் விழுந்து, காக்கிச் சட்டையில் விழுந்து, முன்னால் இருந்தவர் தலையில் விழுந்தது, தவமணி கையால் வாயைப் பொத்தினார், விரல் இடுக்கில் வந்தது. முதலில் யாரோ ஒருத்தன் சிரித்தான். பிறகு கூடமே சிரித்தது. யுவஸ்ரீயும் சிரித்தாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை, எல்லாரும் யெஸ் சொன்னபோது யெஸ் சொல்லிப் பழகிய வாய், எல்லாரும் சிரித்தபோது சிரித்துவிட்டது. அவள் முகத்தில் மாஸ்க் இருந்தது, ஆனால் சிரிக்கிற கண்ணை அது மறைக்காது. தவமணி வாயைப் பொத்திய கையோடு அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் சகாயராணி மேடம் காரிடாரில் அவளை நிறுத்தினார். மாஸ்க்கைக் கழற்றினார், பிடி பிடியாகப் பஞ்சு தரையில் விழுந்தது. மாஸ்க் இல்லாமல் கிட்டத்தில் பார்த்தால் அவருக்கு யுவஸ்ரீயைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும்.

"உங்கப்பா கேட்டது எனக்குத் தெரியாதும்மா. நானும் இதே காலேஜ்லதான் படிச்சேன். இதே ரூம்தான். நானும் யெஸ் சொன்னேன்."

இதைச் சொன்னபோது அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. பதிலுக்கு யுவஸ்ரீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கும்தான் மேடம் என்று. பரவால்ல மேடம் என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்த பஞ்சை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.

காலேஜ் பஸ் போய்விட்டிருந்தது. அப்பா கேட்டுக்கு வெளியில் ஜீப்பில் இருந்தார். ஆள் ஏத்துற நேரமாச்சு, வீட்டுல விட்டுட்டுப் போக முடியாது, கூட வந்துரு பாப்பா என்றார். சிரித்ததைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வண்டி மலை ஏறியது. அவர் சட்டைக் காலரில் ஒரு பஞ்சு ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடியது, அதை எடுத்துவிட அவளுக்குக் கை நீளவில்லை.

மேலே மூட்டம் இறங்கியிருந்தது. தோட்டத்து கேட்டில் பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள், தலையில் கட்டிய துண்டெல்லாம் நனைந்திருந்தது. "அடியே, இஞ்சினியரம்மா வந்துருக்காக, நகண்டு உக்காருங்கடி" என்று ஒருத்தி சொன்னாள். "எங்க வீட்டு கரண்டு பில்லைக் கொறைக்க ஒரு வழி சொல்லு தாயி, கும்புடுறேன்" என்றாள் இன்னொருத்தி. முத்துப்பேச்சி மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், விரல் இடுக்கெல்லாம் கறுப்பாக இருந்தது. தவமணி பின்னால் வந்து ஒவ்வொரு தலையாகத் தொடாமல் விரலால் காட்டி எண்ணினார்.

"ஏறுன தலை அத்தனையும் இருக்கு."

வண்டி கிளம்பியது. காலையில் யுவஸ்ரீ தூக்கம் கலைந்து படுத்திருக்கும்போது இதே பெண்கள் வாசலில் ஜீப் ஏறுகிற சத்தம் தினம் கேட்கும். ஒருத்தி மாமியாரைத் திட்டுவாள், ஒருத்தி அதற்கு எடுத்துக் கொடுப்பாள், ஒருத்தி பாட்டை ஆரம்பிப்பாள், இன்னொருத்தி அதைக் கெடுப்பாள், தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தச் சத்தம் போகும், அவள் தலையணையால் காதை மூடிக்கொள்வாள். இப்போது ரெண்டு வளைவுக்குள் பேச்சு நின்றுவிட்டது. மூன்றாவது வளைவில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி, வாய் திறந்தபடி, கை மடியில் மல்லாந்தபடி. முத்துப்பேச்சியின் தலை கம்பியில் இடித்தது. வளைவு திரும்பியது, மறுபடி இடித்தது. அவள் முழிக்கவேயில்லை.

யுவஸ்ரீ பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தலை குறையவில்லை. போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வருகிறார்கள். எண்ணிப் பார்த்தாயிற்று, கணக்குச் சரி. ஆனால் காலையில் இந்த வண்டியில் ஏறிய ஏதோ ஒன்று திரும்பி வரவில்லை.

போர்டில் வரைந்த பல்பு அவள் தலைக்குள் எரிந்தது, இத்தனை நாள் எரிந்ததுதான், இப்போது அதன் வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. அடுக்கி வைத்த பாடங்கள் ஒவ்வொன்றாக அசைந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. அந்தத் தோட்டம் எதைத் தின்கிறது என்று தெரிந்தது. பிறகு, தோட்டம் மட்டுமா என்று இருந்தது. பீஸ் கட்டுவதற்காக இந்த வருசம்தான் அம்மா மழை மாசத்திலும் மலை ஏறுகிறாள். அம்மாவைத் தின்று எரிகிறது எது? அது கல்லூரி திறந்த நாளிலிருந்து ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் யெஸ் யெஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சிரித்தது.

"அப்பா," என்றாள். "நீங்க கேட்டீங்கல்ல. கரண்டு கொறையாதுப்பா. போனது பூராம் வந்துரும். நம்ம வண்டி மாதிரி. போகும்போது அதுகிட்ட இருந்த தெம்பு வரும்போது இருக்காது. பல்பு அதைத்தான் தின்னுது."

தவமணி கண்ணாடியை நிமிர்த்திப் பின்னால் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார், ஒரு வளைவைப் பார்க்காமலே பழக்கத்தில் திருப்பினார். அப்புறம், "ஆமா பாப்பா, புரியுது" என்றார். அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை, வெற்றிலை வாசம்தான் வந்தது.

கீழே ஊர் விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, தினம் சாயங்காலம் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"உனக்குப் புரிஞ்சுச்சா?"

யுவஸ்ரீ மாஸ்க்கைக் கழற்றினாள். தலையாட்டவில்லை, வாயைத் திறந்து சொன்னாள்.

"புரிஞ்சுருச்சுப்பா."

உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். எதுவும் இல்லை, ஒரு நூல்கூட வரவில்லை. பின்னால் அம்மாவின் தலை கம்பியில் இடித்தது. இந்த ஒரு தடவையாவது பஞ்சு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.